ஏழாம் எண் படகின் முன் அறை

யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. படகு உடைந்தது, ஆட்கள் கரை சேர்ந்தார்கள், நானும் பிழைத்தேன். இனி நிம்மதியாகப் படிக்கலாம்.

எண்பதுகளில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபைபர் கம்பெனியில் வேலை பார்த்தேன். பஸ் சீட்டும் தண்ணீர்த் தொட்டியும் செய்துகொண்டிருந்த இடம். ஒரு நாள் மேனேஜர் எங்கிருந்தோ ஒரு ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தார். கடற்கரை ஊர்களுக்கு மீட்புப் படகு வேண்டுமாம். பதினாறு அடி நீளம், பின்னால் ஒரு மோட்டார், ஓட்ட இரண்டு பேர். கரைக்குப் பக்கத்தில் யாராவது அலையில் மாட்டிக்கொண்டால் சட்டென்று போய்த் தூக்கிவரும் சின்னப் படகு. மேனேஜர் மெட்ராஸ்காரர், பீச்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறார். எங்கள் கம்பெனியின் மொத்தக் கடல் அனுபவம் அவ்வளவுதான்.

அதன் பலனை முதல் படகிலேயே பார்த்தோம். கடல் நீலம், அதனால் படகும் நீலமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று எல்லாரும் ஏகமனதாக முடிவு செய்து, பளபளவென்று நீலத்தில் செய்து அனுப்பினோம். இரண்டு மாதத்தில் இன்லண்ட் லெட்டர் வந்தது. 'ஐயா, படகு நன்றாக ஓடுகிறது. ஆனால் தண்ணீரில் இறங்கியதும் எங்கே போனது என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேட இன்னொரு படகு வேண்டும் போலிருக்கிறது.' இரண்டாம் படகிலிருந்து ஆரஞ்சு.

நான் உத்தனப்பள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். முதல் இரண்டு வருடம் அச்சில் கண்ணாடி நார் விரித்து ரெசின் தடவும் வேலை. கையெல்லாம் அரிக்கும். உடம்பில் ரெசின் வாடை இருப்பதால் பஸ்ஸில் எனக்கு எப்போதும் தனி சீட்டு கிடைக்கும். கையெழுத்து நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, படகு வேலை ஆரம்பித்ததும் மேனேஜர் என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார். வாயைப் பற்றி அவர் சொன்னது பாராட்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒவ்வொரு படகுக்கும் ஒரு அட்டை உண்டு. என்ன செய்தோம், யார் செய்தார்கள், எப்படிச் சோதித்தோம் என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். படகு போன பிறகும் அட்டை என்னிடமே இருக்கும். கடற்கரையிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம் அதில் ஏற்றுவேன். மூன்றாம் எண், கவிழ்ந்த கட்டுமரத்திலிருந்து இருவரைத் தூக்கியது. நான்காம் எண், கோயில் திருவிழாவில் குளிக்க இறங்கிய ஒரு குடும்பத்தை. ஐந்தாம் எண், ஒரு ஆட்டை. ஆடு எப்படிக் கடலுக்குள் போனது என்று கடிதத்தில் இல்லை. டீ இடைவேளையில் இதையெல்லாம் படித்துக் காட்டுவேன். ஆட்டுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

இந்தப் படகின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. படகுக்குள் மூடிய அறைகள் மூன்று. மூக்கில், அதாவது முன்முனையில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அவற்றுக்குள் ஃபோம் ஊற்றுவோம். இரண்டு டின்னில் இரண்டு திரவம் வரும். கலந்து ஓட்டை வழியாக ஊற்றினால் இட்லி மாவு பொங்குவது மாதிரி பொங்கி, இறுகி, அறையை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஓட்டையை மூடிவிடுவோம். படகு பாறையில் மோதி, உடைந்து, விளிம்புவரை தண்ணீர் நிறைந்தாலும் ஃபோம் அதை முழுக விடாது. உள்ளே இருப்பவர்கள் பிடித்துக்கொண்டு தொங்கலாம். ஃபோம் இல்லாத அறையில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் புகுந்துவிடும். காப்பாற்றப் போனவர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஃபோம் ஊற்றியவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய அண்ணனுக்கு ஜூஜுவாடி செக்போஸ்ட் பக்கம் பஞ்சர் கடை. பாய் அதிகம் பேச மாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

சோதனை செய்யக் கடலுக்கு எங்கே போவது? கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஏரி இருந்தது. படகை டிராக்டரில் கொண்டுபோய் இறக்கி, அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்து, வேண்டுமென்றே தண்ணீரை நிரப்புவோம். நிரம்பியதும் ஆறு பேர் ஏறி உட்கார வேண்டும். இடுப்புவரை தண்ணீரில் அரை மணி நேரம். படகு முழுகக் கூடாது. இதில் ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது: ஃபோம் ஊற்றியவர்தான் முன் அறைக்கு மேல் உட்கார வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, பாய் முதல் படகில் போய் உட்கார்ந்தார், அப்படியே நிலைத்துவிட்டது. எருமை மேய்க்கும் ஒரு பெரியவர் கரையில் நின்று ஒவ்வொரு முறையும் கேட்பார், "ஈ தோணி எல்லிகே ஹோகத்தே?" எங்கே போகிறது என்று நான் கன்னடத்தில் சொல்வேன். சமுத்திரத்துக்கு என்றதும் எருமையைப் பார்த்துச் சிரிப்பார்.

நான் ஏற மாட்டேன். நீச்சல் தெரியாது. அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு கரையிலிருந்து அதட்டுவதுதான் என் வேலை.

ஏழாம் படகு தயாரான வருடம் மழையே இல்லை. புரட்டாசியில் ஏரி வெடித்துக் கிடந்தது, நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஐப்பசியில் புயல் சீசன், அதற்குள் படகு வேண்டும் என்று கடற்கரையிலிருந்து தந்தி. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் லாரி வந்து நின்றது. வழக்கமாக ஓட்டையை மூடும் முன் நான் டார்ச் அடித்து உள்ளே ஃபோம் பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். அன்று மோட்டார் பேப்பரும் லாரி பேப்பரும் சரியில்லை என்று ஆபீசுக்கும் கேட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மூன்று ஓட்டையும் மூடி, மேலே பெயிண்டும் காய்ந்திருந்தது.

"சார், தண்ணி டெஸ்ட் பண்ணலியே" என்றேன்.

"எங்கம்மா பண்றது, பக்கெட்லயா? ஆறு மிதந்துச்சு. ஏழாவது மட்டும் எதுக்கு முழுகப் போவுது? சைன் பண்ணு."

பண்ணினேன். இதற்கு நான் மேனேஜரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பேனாவைப் பிடித்தது என் கை.

மறுநாள் பூஜைக்காக ஸ்டோரைக் கழுவினோம். கடைசி அலமாரியில், பழைய சாக்குக்குப் பின்னால், ஃபோம் டின் ஒரு ஜோடி இருந்தது. ஒரு படகுக்கு மூன்று ஜோடி. ஏழாம் படகுக்கு மூன்று ஜோடி வந்தது, என் கையால்தான் ஸ்டோரில் எழுதிக் கொடுத்தேன். அப்படியென்றால் ஒரு அறை காலி. கடைசியாக ஊற்றுவது எப்போதும் முன் அறைக்குத்தான். வெளியே சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள், பொரி பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய், ஏழாம் நம்பர்ல மூணு அறையும் ரொப்பினீங்களா?"

"ரொப்பிட்டேன்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மறுபடியும் கழுவினார்.

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் நான் மேலே கேட்கவில்லை. வாயாடி என்று பேர் வாங்கியவள், கேட்க வேண்டிய ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்: நீ பார்க்காமலா கையெழுத்துப் போட்டாய்?

அடுத்த சில வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வேப்பிலை அடிக்கக்கூட ஆள் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது உள்ளங்கையைத் தொடையில் வைத்து எண்ணிக்கொண்டே வருவேன்: ஓட்டுபவர் இரண்டு, தூக்கப்படுபவர் மூன்றோ நான்கோ. கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். வழக்கமான விசாரிப்பு மாதிரி கடற்கரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'முன் அறையைக் கை முட்டியால் தட்டிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.' ஃபோம் இருந்தால் மொத்தென்று சத்தமே வராது. காலி என்றால் குடம் மாதிரி கேட்கும்.

பதில் வந்தது. 'தாங்கள் சொன்னபடி தட்டிப் பார்த்தோம். நன்றாக டங் டங் என்று சத்தம் வருகிறது. மிகவும் உறுதியாக உள்ளது. தங்கள் அக்கறைக்கு நன்றி.'

அந்த நன்றியைப் படித்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

அன்றைக்கே உட்கார்ந்து மேனேஜருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நான் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன், முன் அறை காலி, படகைக் கடலில் இறக்காமல் திருப்பி வாங்க வேண்டும். பாயின் பேரை எழுதவில்லை. வேலை போகும் என்று தெரியும். போனால் போகட்டும் என்று துணிந்த பிறகு கொஞ்சம் பசிகூட எடுத்தது. காலையில் காகிதத்தை டிபன் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் வாசலில் மேனேஜர் தந்தியோடு நின்றிருந்தார்.

"ஏழாம் நம்பர் உடைஞ்சிருச்சாம்மா. கல்லுல மோதிச்சாம். லாரில ஏத்தி அனுப்பறாங்களாம்."

"ஆளுங்க சார்?"

"அதெல்லாம் தந்தில எங்கம்மா எழுதுவாங்க? ஆறு வார்த்தைதான் இருக்குது."

அந்த ஊருக்கு ட்ரங்க் கால் போட்டோம், புயலில் லைன் அறுந்து கிடந்தது. லாரி வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. டிபன் பையில் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது. பாயும் நானும் பத்தடி தூரத்தில் வேலை செய்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் லாரி கேட்டுக்குள் நுழைந்தது. ஆரஞ்சுப் படகு, வலது பக்கம் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் விரல் நுழைகிற அளவு ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. டிரைவர் பக்கத்திலிருந்து கறுத்து வாட்டசாட்டமான ஒருவர் இறங்கினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் ஓசூர்க் குளிரில் நடுங்கினார். படகை ஓட்டியவர் அவர்தான்.

நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எத்தனை பேர் போனாங்க?" என்று கேட்டேன்.

"எங்க போனாவ? எல்லாரும் வீட்டுலதாம்மா இருக்காவ" என்றார் அவர். "நானும் ஒரு பயலும் போனோம். வள்ளத்துல கெடந்த நாலு பேரத் தூக்கிட்டுத் திரும்புதோம், பெரிய அலை ஒண்ணு கொண்டு போயிக் கல்லுமேல அறைஞ்சிட்டு. மூக்குலதான் மொத அடி. வெலாவும் பிளந்துட்டு. தண்ணி ரொம்பிட்டு. சரி, முடிஞ்சுது சோலின்னு நெனச்சேன். ஆனா மூக்கு மட்டும் மேல நின்னுச்சு பாத்துக்கிடுங்க. ஆறு பேரும் அதத்தான் புடிச்சுத் தொங்குனோம். ஒரு மணி நேரம்."

நான் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு பேரும் வீட்டில் இருக்கிறார்கள். அதைத் தவிர வேறொன்றும் காதில் ஏறவில்லை. அவர் பயந்துபோய், "அம்மாவுக்கு என்ன, மயக்கமா? தண்ணி குடுங்கய்யா" என்றார். கடலில் முழுகித் திரும்பியவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் அதற்கு முன்னால் குடித்ததில்லை.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நான் சொல்லலே? நம்ம சரக்கு" என்று அந்த மனிதரை கேண்டீனுக்கு அழைத்துப் போனார். விலாவை ஒட்டு, மூக்கு வெடிப்புக்கு மேலே இரண்டு அடுக்கு போடு, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. மூக்கு எப்படி நின்றது? வெடிப்பு விழுந்திருக்கிறது. தட்டினால் டங் டங். காலி அறை நிற்காது. ஆறு பேர் உயிர் எதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது என்று நான் பார்த்தே ஆக வேண்டும்.

"முன் அறைய வெட்டுங்க" என்றேன்.

பாய்தான் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "நானே வெட்டறேன்மா" என்றார்.

ரம்பம் உள்ளே போனதும் முதலில் தண்ணீர் கொட்டியது. உப்புத் தண்ணீர். பாய் வெட்டிய துண்டைப் பெயர்த்து எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளை டப்பா உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் வருகிற ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். கம்பெனிக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடக்கும் காலி கேன்கள். ஒவ்வொன்றும் மூடி இறுக்கி, மூடியைச் சுற்றி ரெசின் தடவி அடைத்திருந்தது. இடைவெளிகளில் சின்ன பாட்டில்கள். அறைக்குள் கை வைக்க இடமில்லாமல் அடுக்கியிருந்தார்.

"மேலப் பலகைய நானேதான் ஒட்டினேன்மா, ஒட்டறதுக்கு முன்னாடி அடுக்கிட்டேன்" என்றார். "கடைசி ஜோடி கெட்டுப் போயிருந்துச்சு. எப்பவும் ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு மக்குல கலக்கிப் பாப்பேன். பொங்கவே இல்ல, பாயாசமாட்டம் கெடந்துச்சு. புதுசு வர பூஜை முடியணும். லாரி வரப் போவுது. கெணத்துல நீச்சப் பழகறப்ப முதுகுல டின்னு கட்டுவாங்கல்ல, அத்த நெனச்சுக்கினேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன பாய்? நான் கேட்டேன் இல்ல?"

பாய் ரம்பத்தைக் கீழே வைத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா வெட்டச் சொல்லியிருப்பீங்க. நாலாம் நம்பர்ல ஒரு கொப்புளம் வந்ததுக்கு ஷிப்டையே நிறுத்தி, எல்லாரையும் நிக்க வெச்சு என்னைய என்னா பேச்சு பேசினீங்க? எங்க வீட்டுக்காரிகூட அப்படிப் பேசினதில்ல. மூணு நாள் சாப்பாடு எறங்கல. இந்தத் தடவ வாயத் தொறக்கவே பயமா இருந்துச்சும்மா. டெஸ்ட்டும் பண்ணல, நான் மேல உக்காரவும் இல்ல. அனுப்பிச்ச நாள்லருந்து எனக்குத் தூக்கமில்ல."

நான்காம் எண் படகின் தோலில் காற்று அடைத்து எழும்பிய கொப்புளம் எனக்கு நினைவிருந்தது. என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. பேசிய நான் மறந்துவிட்டேன், கேட்டவர் வார்த்தைக்கு வார்த்தை வைத்திருக்கிறார். ஒரே படகுக்காக இரண்டு பேர் பத்தடி தூரத்தில் பட்டினி கிடந்திருக்கிறோம். அவர் என் வாய்க்குப் பயந்து, நான் என் கையெழுத்துக்குப் பயந்து. புதிய ஃபோம் வரும்வரை லாரியை நிறுத்துங்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேனேஜரால் என்ன செய்திருக்க முடியும்? அறையில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு பத்து மூடி கழன்றிருந்தால் ஆறு பேர் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள்.

டிபன் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும். எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படித்தார். "என் பேர எழுதலியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

நான் கீழே உட்கார்ந்து கேன்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கிணற்றில் தம்பிகள் நீச்சல் பழகும்போது என்னை இறங்க விட மாட்டார்கள். முதுகில் கட்டிய டின்னின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் வேலை. நான் செய்த முதல் இன்ஸ்பெக்‌ஷன் அதுதான். இங்கேயும் எல்லாவற்றையும் திருகினேன். ஒரு மூடியும் அசையவில்லை. அதன் பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. பாயும் சிரித்தார். அவருக்குப் பல் வரிசை அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏழாம் எண்ணின் அட்டையில் நடந்ததை அப்படியே எழுதினேன். சோதனை செய்யவில்லை. முன் அறையில் ஃபோம் இல்லை, காலி கேன்கள். ஆறு பேர் கரை சேர்ந்தனர். மேனேஜர் படித்துவிட்டு, "இதையெல்லாம் போய் எழுதுவாங்களா?" என்றார். எழுதுவார்கள் சார் என்றேன், கத்தாமல். என் பேனாவை வாங்கி, இனித் தண்ணீர் சோதனை இல்லாமல் லாரி ஏற்றுவதில்லை என்று அவரே கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகையில் மழை பிடித்தது, ஏரி நிரம்பியது. விலா ஒட்டி, மூன்று அறையிலும் புது ஃபோம் ஊற்றி, ஏழாம் எண்ணை மறுபடி இறக்கினோம். அடைப்பைத் திறந்து தண்ணீர் விட்டார்கள். பாய் வழக்கம்போல முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான்கு பேர் ஏறினார்கள். ஆறாவது ஆளாக நான் ஏறினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல். கரையில் எருமைக்காரர் இந்த முறை கேள்வியே கேட்கவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஐஸ் மாதிரி இருந்தது. பாய்க்குப் பக்கத்தில் மூக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

"தண்ணியப் பாத்தா பயமாத்தான் இருக்குது பாய்."

"எங்களுக்கு உங்களப் பாத்தாதாம்மா பயம்" என்றார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஆறு பேரும் சிரித்ததில் படகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. முழுகவில்லை. அரை மணி நேரம் முடிந்தும் நான் இறங்கச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.